பிளேட்லெட் கவுண்ட் நார்மல், அப்புறம் எதுக்கு ரெண்டு மாத்திரை?

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். அப்பாவுக்கு நாலு மாசம் முன்னாடி ஹார்ட் அட்டாக், ஸ்டென்ட் வச்சாச்சு, ஆஸ்பிரின் 75, க்ளோபிடோக்ரெல் 75 ரெண்டும் தினம் போயிட்டிருக்கு. ரத்த டெஸ்ட்ல பிளேட்லெட் 2 லட்சத்து 40 ஆயிரம், லேப்காரர் நார்மல்னு சொல்லிட்டார். நார்மல்னா ரெண்டு மாத்திரை எதுக்கு, அப்பாவுக்கு ரத்தம் கெட்டியா இருக்கா, இப்ப கடவாப்பல்லு ஒண்ணு பிடுங்க வேண்டியிருக்கு, தெரிஞ்சவர் ஒருத்தர் அஞ்சு நாள் மாத்திரைய நிறுத்துங்கங்கறார், ஒரு நாள்லயே மருந்து உடம்பை விட்டு போயிடாதா, அது என்ன அஞ்சு நாள் கணக்கு? கேள்வி நாலஞ்சா தெரியுது, ஆனா பதிலெல்லாம் ஒரே எடத்துல கெடக்கு, பிளேட்லெட்டுக்குள்ள இருக்குற என்சைம்கள்ல.

நான் ரத்தப் பரிசோதனை லேப்ல ரொம்ப வருஷம் குப்பை கொட்டினவன், கும்பகோணத்துக்காரன், டாக்டர் இல்ல. மருந்த கூட்டுங்க கொறைங்கன்னு சொல்ல மாட்டேன், உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

முதல்ல கவுண்ட். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல ஒண்ணரை லட்சத்துலேர்ந்து நாலரை லட்சம் வரைக்கும் இருந்தா நார்மல்ங்கறோம். அது எத்தனை இருக்குங்கற கணக்கு, அவ்ளோதான். ஒரு உசுப்பு வந்தா அந்த பிளேட்லெட் எவ்ளோ சீக்கிரம் ஒட்டும், எவ்ளோ அடங்கும்னு அந்த நம்பர்ல தெரியாது. ரத்தம் கெட்டியா இருக்கான்னு கேட்டதுக்கும் இங்கயே சொல்லிடறேன், இந்த ரெண்டு மாத்திரையும் ரத்தத்தோட அடர்த்திய துளிகூட மாத்தாது. மாத்திரை போட்டவர் ரத்தமும் போடாதவர் ரத்தமும் ட்யூப்ல ஒரே மாதிரிதான் ஓடும். மாறுறது பிளேட்லெட்டோட நடத்தை.

பிளேட்லெட்டுங்கறது முழு செல் கூட இல்ல. எலும்பு மஜ்ஜையில மெகாகேரியோசைட்னு ஒரு பெரிய செல் இருக்கு, அது ரத்தக்குழாய்க்குள்ள நீட்டி விடுற நீட்டல்கள்லேர்ந்து உடைஞ்சு வர்ற துண்டுங்கதான் இது. 2-லேர்ந்து 3 மைக்ரான் அகலம், அதாவது சிவப்பணுவுல பாதிக்கும் கம்மி. ஒரு நாளைக்கு சுமாரா பத்தாயிரம் கோடி புதுசா வருது, வந்தது 7-லேர்ந்து 10 நாள் ஓடிட்டு மண்ணீரல்லயும் கல்லீரல்லயும் போய் முடிஞ்சிடும். 1882-ல பிட்ஸொஸெரோன்னு ஒரு இத்தாலிக்காரர்தான் இதுக்கும் ரத்தம் நிக்கறதுக்கும் என்ன சம்பந்தம்னு தெளிவா காட்டினவர். இதுல ஒரு விஷயத்த மட்டும் மனசுல இருத்திக்குங்க: பிளேட்லெட்டுக்கு நியூக்ளியஸ் கிடையாது. பொறக்கறப்ப கையில குடுத்தனுப்பின என்சைமை வச்சுத்தான் கடைசி வரைக்கும் ஓட்டணும், ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா புதுசா செஞ்சுக்க கிட்டத்தட்ட வழியே இல்ல. அந்த அஞ்சு நாள் கணக்கு மொத்தமும் இதுலதான் இருக்கு.

இப்ப பெரும்பாலானவங்க விட்டுடற பகுதிக்கு வரேன். பிளேட்லெட் ரத்தத்துல சும்மா சுத்திட்டிருக்கு, காயம் பட்டா முழிச்சுக்கும்னு பாடத்துல படிச்சிருப்போம். ஆனா அத சும்மா இருக்க வைக்கறதுக்கே ராப்பகலா வேலை நடந்துட்டிருக்கு. ரத்தக்குழாயோட உள்பக்கச் சுவர் செல்லுங்க ரெண்டு பொருள விடாம விட்டுக்கிட்டே இருக்கும், ஒண்ணு ப்ராஸ்டாசைக்ளின், இன்னொண்ணு நைட்ரிக் ஆக்சைடு. ப்ராஸ்டாசைக்ளின் வந்து பிளேட்லெட் மேல இருக்குற ரிசெப்டர்ல (சிக்னலை வாங்கி உள்ள அனுப்புற புரோட்டீன்) உக்காந்ததும் உள்ள அடினைலில் சைக்ளேஸ்ங்கற என்சைம் ஓட ஆரம்பிக்கும், அது அடினோசின் ட்ரைபாஸ்பேட்டை (ATP, கீழ வர்ற ADP இல்ல, அத விட ஒரு பாஸ்பேட் கூட உள்ள அண்ணன்) எடுத்து சைக்ளிக் ஏஎம்பியா மாத்தும். நைட்ரிக் ஆக்சைடு நேரா உள்ளயே பூந்து குவானைலில் சைக்ளேஸை தட்டி சைக்ளிக் ஜிஎம்பி பண்ண வைக்கும். இந்த ரெண்டும் ஏறினா புரோட்டீன் கைனேஸ் ஏ, புரோட்டீன் கைனேஸ் ஜின்னு ரெண்டு என்சைம் வேலைக்கு வரும். கைனேஸ்னா ஒரு புரோட்டீன் மேல பாஸ்பேட்டை ஒட்டுறது, பாஸ்படேஸ்னா கழட்டுறது, இதுதான் செல்லுக்குள்ள நடக்குற முக்காவாசி பேச்சுவார்த்தை. இந்த ரெண்டு கைனேஸும் எங்கெங்க பாஸ்பேட் ஒட்டுதோ அங்கெல்லாம் பிளேட்லெட் அடங்கும். கால்சியம் வெளிய வர்ற கதவுல ஒட்டினா கால்சியம் வராது, வாஸ்ப்ங்கற புரோட்டீன்ல ஒட்டினா உருவம் மாறுறது தள்ளிப்போகும்.

ஆனா சைக்ளிக் ஏஎம்பி செஞ்சா மட்டும் போதாது, அத உடைக்கறதுக்கும் உள்ளயே ஆள் இருக்கு, பாஸ்போடைஎஸ்டரேஸ்னு பேரு, பிளேட்லெட்ல முக்கியமா 3ஏ வகை. நம்ம பக்கத்துல வயலுக்கு வாமடையும் வடிகாலும் எப்படியோ அப்படி. வாமடையில எவ்ளோ தண்ணி உள்ள வருதுன்னு மட்டும் பாத்து வயல்ல எவ்ளோ நிக்கும்னு சொல்ல முடியாது, வடிகால் எவ்ளோ இழுக்குதுன்னும் பாத்தாகணும். சைக்ளேஸ் வாமடை, பாஸ்போடைஎஸ்டரேஸ் வடிகால், நிக்கிற தண்ணி சைக்ளிக் ஏஎம்பி. தண்ணி நின்னா பிளேட்லெட் அமைதி, வத்தினா உசுப்புக்கு தயார். கால் நடந்தா கெண்டைச் சதை இழுத்துப் பிடிக்கிற நோய்க்கு குடுக்குற சிலோஸ்டஸால், பக்கவாதம் வந்தவங்க சிலருக்கு குடுக்குற டைபிரிடமோல், இதெல்லாம் வடிகால அடைக்கிற மருந்துங்கதான். (சிலோஸ்டஸால் இதயம் பலவீனமா இருக்குறவங்களுக்கு ஆகாது, பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பாத்து வாங்கிப் போடாதீங்க.) ஒருத்தர் கேட்டார், காபியில இருக்குற காஃபீனும் பாஸ்போடைஎஸ்டரேஸை தடுக்கும்னு படிச்சேனே, தினம் நாலு டம்ளர் டிகிரி காபி குடிச்சா மாத்திரை வேணாமான்னு. தடுக்கும், ஆனா நாம குடிக்கிற அளவுல ரத்தத்துல ஏறுற காஃபீன் அந்த வேலைக்கு ரொம்ப ரொம்ப கம்மி. காபிய காபிக்காக குடிங்க.

சுவர் செல் இன்னொரு வேலையும் பண்ணும், அதோட வெளிப்பக்கத்துல சிடி39னு ஒரு என்சைம் இருக்கு, பக்கத்துல ஏடிபி (ADP, அடினோசின் டைபாஸ்பேட்) கசிஞ்சா அத உடைச்சுப் போட்டுடும். இந்த ஏடிபிங்கறது பிளேட்லெட்டை உசுப்பேத்துற பொருள், கீழ நிறைய வரும். ஆக ஆரோக்கியமான சுவர் இருக்குற எடத்துல பிளேட்லெட் ஒட்டாததுக்கு காரணம் சுவர் வழவழன்னு இருக்கறது மட்டும் இல்ல, ஒவ்வொரு நொடியும் அடங்கு அடங்குன்னு சிக்னல் போயிட்டே இருக்கறது. சக்கரை நோய், சிகரெட், ரத்தக்கொதிப்பு இதெல்லாம் முதல்ல கெடுக்கறது இந்த சுவரத்தான், அங்க நைட்ரிக் ஆக்சைடு கொறைஞ்சு போகும், அதனால அதே 2 லட்சத்து 40 ஆயிரம் பிளேட்லெட் ஒருத்தர் உடம்புல சாதுவா இருக்கும், இன்னொருத்தர் உடம்புல எப்ப எப்பன்னு நிக்கும். நைட்ரிக் ஆக்சைடு ஒரு சிக்னல்ங்கறத கண்டுபிடிச்சதுக்கு 1998-ல மூணு பேருக்கு நோபல் குடுத்தாங்க, ஃபர்ச்காட், இக்னாரோ, முராட்.

இப்ப காயம். கத்தி பட்டு குழாய் கிழிஞ்சாலும் சரி, உள்ள இருந்த கொழுப்புத் திட்டு வெடிச்சாலும் சரி, ஸ்டென்ட் வைக்கறப்ப பலூன் அழுத்தி சுவர் உரிஞ்சாலும் சரி, பிளேட்லெட்டுக்கு வித்தியாசம் தெரியாது. அடியில மறைஞ்சிருந்த கொலாஜன்ங்கற நார்ப் புரோட்டீன் வெளிய தெரியுது, அதுல வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர்ங்கற நீள புரோட்டீன் போய் ஒட்டுது, வேகமா ஓடுற பிளேட்லெட் அதைப் புடிச்சு வேகம் கொறைஞ்சு உருளுது, உருளுறப்ப ஜிபி6ங்கற ரிசெப்டர் கொலாஜனை நேரா தொடுது. அந்த தொடுதல்லேர்ந்து உள்ள என்சைம் மேல என்சைமா போகும். ஃபின், லின்னு ரெண்டு கைனேஸ் முதல்ல ரிசெப்டரோட வாலுல பாஸ்பேட் ஒட்டும், ஒட்டின எடத்துல சிக்ங்கற கைனேஸ் வந்து உக்காரும், அது இன்னும் சிலதுல ஒட்டும், பிடிகேன்னு இன்னொரு கைனேஸும் சேந்துக்கும், கடைசியா பாஸ்போலைப்பேஸ் சி காமா 2 கெளம்பும். இந்த என்சைம் சவ்வுல இருக்குற ஒரு கொழுப்பை ரெண்டா வெட்டும். ஒரு துண்டு ஐபி3, அது உள்ள சேத்து வச்சிருக்குற கால்சியத்த திறந்து விடும், சாதாரணமா 100 நேனோமோலார்கிட்ட இருக்குற கால்சியம் பத்து மடங்கு வரைக்கும் எகிறும். இன்னொரு துண்டு டைஅசைல்கிளிசரால், அது புரோட்டீன் கைனேஸ் சி-யை எழுப்பி, பிளேட்லெட் உள்ள சரக்கு சேத்து வச்சிருக்குற துகள் பைகளை கொட்ட வைக்கும்.

கால்சியம் ஏறினதும் தட்டையா இருந்த பிளேட்லெட் உருண்டையாகி நாலா பக்கமும் முள்ளு நீட்டும், ரேப்1ங்கற சின்ன என்சைம் ஆன் ஆகும், அது மூலமா மேல்பரப்புல இருக்குற இன்டெக்ரின், ஆல்ஃபா2பி பீட்டா3ன்னு முழுப்பேரு, மடங்கி கெடந்தது நிமிர்ந்து வாய் திறக்கும். ஒரு பிளேட்லெட்ல இது சுமார் 80 ஆயிரம் இருக்கு. வாய் திறந்தா ரத்தத்துல ஓடுற ஃபைப்ரினோஜன்ங்கற புரோட்டீனை புடிக்கும், ஃபைப்ரினோஜனோட இன்னொரு முனைய பக்கத்து பிளேட்லெட் புடிக்கும், இப்படித்தான் திரளுது. தொட்டதுலேர்ந்து இது வரைக்கும் ஆகுற நேரம் நொடிக் கணக்குதான்.

இந்த கைனேஸ் வரிசையெல்லாம் புஸ்தக சமாச்சாரம்னு நெனைச்சுடாதீங்க. சில ரத்தப் புற்றுநோய்க்கு இப்ருடினிப்னு ஒரு மாத்திரை குடுக்கறாங்க, அது பிடிகே கைனேஸை தடுக்கறதுக்குன்னு செஞ்சது, குறி வச்சது பி செல்ங்கற வெள்ளையணுவை. ஆனா பிளேட்லெட்லயும் அதே பிடிகே இருக்கறதால அந்த நோயாளிங்களுக்கு லேசா இடிச்சாலே தோல்ல கன்னிப்போகும். ஒரு என்சைமை ஒரு எடத்துல மட்டும் அடைக்கறது எவ்ளோ கஷ்டம்னு அதுல தெரியும்.

ஆனா கொலாஜனை தொட்டது முதல் வரிசை பிளேட்லெட் மட்டும்தானே, மேல வந்து சேர்றதுக்கு கொலாஜன் எட்டாது, அதுங்க எப்படி உசும்பும்? இதுதான் உங்க அப்பா மாத்திரைக்கு நேரடி சம்பந்தம். முதல் வரிசை மூணு விதமா கூப்பாடு போடும். துகள் பைலேர்ந்து ஏடிபி கொட்டும், உள்ள புதுசா த்ராம்பாக்சேன் ஏ2 செஞ்சு வெளிய விடும், அதோட தன் சவ்வோட உள்பக்கத்த வெளிய திருப்பிக் காட்டும், அந்தப் பரப்புல ரத்தத்துல இருக்குற உறைதல் காரணிகள் வந்து உக்காந்து த்ராம்பினை உண்டாக்கும்.

ஏடிபிக்கு பிளேட்லெட் மேல ரெண்டு ரிசெப்டர். பி2ஒய்1 கால்சியத்த ஏத்தும், அது வேகமா வந்து வேகமா போயிடும். பி2ஒய்12 வேற வேலை பண்ணும், அடினைலில் சைக்ளேஸ அமுக்கும், அதாவது மேல சொன்ன வாமடைய அடைச்சுடும், சைக்ளிக் ஏஎம்பி வத்தும், அதோட பிஐ3 கைனேஸையும் எழுப்பி திரண்டது கலையாம பாத்துக்கும். உங்க அப்பாவோட க்ளோபிடோக்ரெல் அடைக்கறது இந்த பி2ஒய்12-ஐ. த்ராம்பினோ தானே ஒரு என்சைம், அது பிளேட்லெட் மேல இருக்குற பார்1ங்கற ரிசெப்டரோட நுனிய வெட்டும், வெட்டின பிறகு மிச்சம் இருக்குற புது நுனி மடங்கி அதே ரிசெப்டர்ல போய் உக்காந்து அத ஆன் பண்ணும். 1991-ல அமெரிக்காவுல காஃப்லின் குழு இத கண்டுபிடிச்சப்ப, ரிசெப்டர் தன்னோட சாவிய தானே வச்சிருக்குன்னு எல்லாரும் அசந்துட்டாங்க.

ஆக ரெண்டு மாத்திரை ஏன்னா ரெண்டும் வேற வேற கூப்பாட்டை அடைக்குது. ஆஸ்பிரின் த்ராம்பாக்சேனை, க்ளோபிடோக்ரெல் ஏடிபியை. கொலாஜனும் த்ராம்பினும் அடைபடாமத்தான் இருக்கு, அதனாலதான் ரெண்டு மாத்திரை போடுறவருக்கும் ஷேவிங் காயத்துல ரத்தம் லேட்டாவாவது நிக்குது. ஸ்டென்ட் வச்ச புதுசுல அந்த உலோகக் கம்பி வெறுமனே ரத்தத்துல நனைஞ்சுட்டிருக்கும், அது மேல சுவர் செல் வளந்து மூடினாதான் மேல சொன்ன ப்ராஸ்டாசைக்ளின், நைட்ரிக் ஆக்சைடு, சிடி39 பாதுகாப்பெல்லாம் அந்த எடத்துக்கு கெடைக்கும். அது வளர்ற வரைக்கும் மாத்திரைதான் காவல்.

ஆஸ்பிரினைப் பத்தி கொஞ்சம் நின்னு பேசணும், இது அழகான சமாச்சாரம். சவ்வுலேர்ந்து பாஸ்போலைப்பேஸ் ஏ2ங்கற என்சைம் அராகிடோனிக் அமிலத்த கழட்டித் தரும். அது காக்ஸ்-1ங்கற என்சைமுக்குள்ள ஒரு குறுகலான வழில போய் மாறி வெளிய வரும், பிறகு த்ராம்பாக்சேன் சின்தேஸ் அத த்ராம்பாக்சேனா ஆக்கும். த்ராம்பாக்சேனுக்கு ஆயுசு அரை நிமிஷம்தான், அதனால பக்கத்துல இருக்குறதை மட்டும்தான் உசுப்பும், உடம்பு பூரா பரவாது. ஆஸ்பிரின் என்ன பண்ணுதுன்னா, காக்ஸ்-1-ல 529-வது எடத்துல இருக்குற செரின் மேல தன்கிட்ட இருக்குற அசிட்டைல் துண்டை ஒட்டிட்டு போயிடுது. அந்த துண்டு வழிய மறிச்சுட்டு நிக்கும், அராகிடோனிக் அமிலம் உள்ள போக முடியாது. இது கழண்டு வர்ற ஒட்டல் இல்ல. ஆஸ்பிரின் ரத்தத்துல பாதியா கொறைய ஆகுற நேரம் 15-லேர்ந்து 20 நிமிஷம், நீங்க சொன்னபடி அது சீக்கிரமாவே உடம்பை விட்டு போயிடுது தம்பி, ஆனா அது செஞ்சுட்டுப் போன காரியம் அந்த பிளேட்லெட் சாகுற வரைக்கும் நிக்கும், ஏன்னா நியூக்ளியஸ் இல்ல, புது காக்ஸ்-1 செய்ய முடியாது. சுவர் செல்லுக்கு நியூக்ளியஸ் இருக்கு, அது ஒரு சில மணி நேரத்துல புதுசா செஞ்சுக்கும், ப்ராஸ்டாசைக்ளினை திரும்ப விட ஆரம்பிக்கும். அதோட குடல்லேர்ந்து கல்லீரலுக்கு போற ரத்தத்துலயே பிளேட்லெட்டுங்க ஆஸ்பிரினை சந்திச்சுடுது, கல்லீரல் தாண்டி சுவருக்கு போறது கம்மி. 75 மில்லிகிராம்ங்கற சின்ன அளவு போதும்னு சொல்றதுக்கு காரணம் இதான், கூட்டிப் போட்டா வயித்துப் புண்தான் கூடும்.

ஆஸ்பிரின் இந்த வழியத்தான் தடுக்குதுன்னு 1971-ல சொன்னவர் இங்கிலாந்துக்காரர் ஜான் வேன், த்ராம்பாக்சேனை 1975-ல கண்டுபிடிச்சது ஸ்வீடன்ல சாமுவெல்சன் குழு, 1982-ல ரெண்டு பேரும் பெர்க்ஸ்ட்ரோமும் சேந்து நோபல் வாங்கினாங்க. 1988-ல வந்த ஐசிஸ்-2 ஆய்வுல 17,187 ஹார்ட் அட்டாக் நோயாளிங்கள வச்சுப் பாத்தாங்க, ஒரு மாசம் ஆஸ்பிரின் குடுத்ததுல அஞ்சு வாரத்துக்குள்ள இதய, ரத்தக்குழாய் நோயால ஏற்பட்ட சாவு 23 சதவீதம் கொறைஞ்சுது. காசுக்கணக்கு பாத்தா இவ்ளோ மலிவா இவ்ளோ உசிர காப்பாத்தின மருந்து ரொம்ப கம்மின்னு என் அபிப்பிராயம்.

லேப்ல இத கண்ணாலயே பாக்கலாம். 1962-ல குஸ்டாவ் பார்ன் (இயற்பியல் நோபல்காரர் மாக்ஸ் பார்னோட மகன்) ஒரு சுலபமான முறைய கண்டுபிடிச்சார். சிட்ரேட் ட்யூப்ல ரத்தம் எடுத்து மெதுவா சுத்தினா மேல பிளேட்லெட் நிறைஞ்ச மஞ்ச பிளாஸ்மா நிக்கும், கலங்கலா இருக்கும். அதுக்குள்ள வெளிச்சம் விட்டு ஏடிபி ஒரு சொட்டு போட்டா பிளேட்லெட் திரண்டு பிளாஸ்மா தெளியும், வெளிச்சம் கூடுதலா போகும், கோடு ஏறும். ஆஸ்பிரின் ஒழுங்கா போடுறவர் ரத்தத்துல அராகிடோனிக் அமிலத்த போட்டா கோடு அசையாம படுத்தே கெடக்கும். கோடு ஏறுச்சுன்னா பெரும்பாலும் மாத்திரை போடல, இல்லன்னா வேற ஏதோ குறுக்க வந்திருக்கு. ஐஸ்ல வச்சு அனுப்பாதீங்கன்னு தலையால அடிச்சுக்குவோம், குளிர் பட்டா பிளேட்லெட் தானாவே உருவம் மாறிடும். பிளட் பேங்க்ல பிளேட்லெட் பைய ஃபிரிட்ஜ்ல வைக்காம 20-லேர்ந்து 24 டிகிரில ஆட்டிட்டே வச்சிருக்கறதும் அதுக்காகத்தான்.

அதே மெஷின்ல ஏடிபி, கொலாஜன், அராகிடோனிக் அமிலம் மூணுக்குமே கோடு படுத்துக் கெடக்கும், ரிஸ்டோசெட்டின்ங்கற இன்னொரு சோதனைப் பொருளுக்கு மட்டும் ஏறும், கவுண்ட் மூணு லட்சம் இருக்கும்னா அது கிளான்ஸ்மன் நோய். 1918-ல ஒரு ஸ்விஸ் குழந்தை டாக்டர் விவரிச்சது. என்சைமெல்லாம் சரியா ஓடும், கடைசில வாய் திறக்க வேண்டிய இன்டெக்ரினே இருக்காது இல்ல வேலை செய்யாது. அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் கெட்ட ஜீன் வந்தாதான் வரும், அதனால மாமன் மகள், அத்தை மகன்னு சொந்தத்துலயே கட்டுற நம்ம பக்கத்துல இத மத்த எடத்தை விட அதிகமா பாக்கறோம். பிள்ளைக்கு அடிக்கடி மூக்குல ரத்தம், கவுண்ட் நார்மல்னா, நார்மல்னு வீட்டுக்கு அனுப்பாம செயல்பாட்டு டெஸ்ட் கேளுங்க.

குறுக்க வர்றதுன்னு சொன்னேன்ல, அதுல முக்கியமானது ஐபுப்ரூஃபன். நடவு முடிஞ்சு முட்டி வலின்னு மெடிக்கல் ஷாப்ல சொன்னா அதத்தான் எடுத்துத் தருவாங்க. அதுவும் அதே காக்ஸ்-1 வழிலதான் போய் உக்காரும், ஆனா ஒட்டாது, சில மணி நேரத்துல கெளம்பிடும். ஐபுப்ரூஃபன் உள்ள உக்காந்திருக்கறப்ப ஆஸ்பிரின் வந்தா அதுக்கு செரினை தொட எடமில்ல, கால் மணி நேரத்துல அது கரைஞ்சு போயிடும், பிறகு ஐபுப்ரூஃபனும் கெளம்பிடும், பிளேட்லெட் முழுசா பழையபடி. ரெண்டும் போட்டு ரெண்டும் போச்சு. சாதா ஆஸ்பிரினுக்கு, அது போட்டு அரை மணி நேரம் கழிச்சோ, இல்ல அதுக்கு எட்டு மணி நேரம் முன்னாடியோ ஐபுப்ரூஃபன் போடலாம்னு அமெரிக்க மருந்து ஆணையம் சொல்லுது, ஆனா ஸ்டென்ட் வச்சவருக்கு வலி மாத்திரையே டாக்டரைக் கேக்காம வேணாம். பாரசிட்டமால் பரவால்ல.

க்ளோபிடோக்ரெல் கதை வேற. நீங்க முழுங்குறது மருந்தே இல்ல, கல்லீரல் அத மருந்தா மாத்தணும். முழுங்கினதுல 85 சதவீதம் போல இன்னொரு என்சைம் வீணாக்கிடும், மிச்சத்த சிஒய்பி2சி19 முதலான என்சைமுங்க ரெண்டு படியா மாத்தித் தரும், அப்ப வர்ற பொருள் பி2ஒய்12-ல நிரந்தரமா ஒட்டிக்கும். இந்த 2சி19 சிலருக்கு பொறப்புலயே மந்தமா இருக்கும், இந்தியர்கள்ல இது வெள்ளக்காரங்கள விட ஜாஸ்தி, அவங்களுக்கு இந்த மாத்திரை சரியா புடிக்காது. 2010-ல அமெரிக்காவுல மருந்து அட்டையிலயே இந்த எச்சரிக்கைய போட வச்சாங்க. வயித்தெரிச்சலுக்கு போடுற ஒமெப்ரஸோலும் இதே என்சைமை அமுக்கும், அதனாலதான் டாக்டருங்க பெரும்பாலும் பேன்டாப்ரஸோல் எழுதறாங்க. அப்பா சீட்டுல எது இருக்குன்னு பாருங்க. ப்ராசுக்ரெல், டைகாக்ரெலார்னு மத்த மருந்துங்களும் அதே பி2ஒய்12-க்குத்தான், டைகாக்ரெலார் மட்டும் நிரந்தரமா ஒட்டாது, அதனால ரெண்டு வேளை போடணும், சிலருக்கு மூச்சு வாங்கும்.

இடையில ஒண்ணு, நம்ம வயக்காட்டு சமாச்சாரம்ங்கறதால. சுருட்டை விரியனோட விஷத்துல எகிஸ்டாட்டின்னு ஒரு சின்ன புரோட்டீன் இருக்கு, அது பிளேட்லெட் இன்டெக்ரினோட வாய்ல நேரா போய் உக்காந்துடும், ஃபைப்ரினோஜன் ஒட்ட எடம் இருக்காது. அத பாத்துத்தான் டைரோஃபிபான்ங்கற ஊசி மருந்த வடிவமைச்சாங்க, கேத் லேப்ல (ஸ்டென்ட் வைக்கிற அறை) ஸ்டென்ட் வைக்கறப்ப ரத்தக்கட்டி பெருசா இருந்தா இன்னைக்கும் போடறது. கண்ணாடி விரியனோ எதிர்ப்பக்கம், அதோட விஷத்துல இருக்குற என்சைம் உறைதல் காரணி பத்தையும் அஞ்சையும் கண்டபடி ஆன் பண்ணிவிட்டு ஃபைப்ரினோஜன் மொத்தத்தையும் செலவழிச்சுடும், பிறகு பிளேட்லெட் வாய் திறந்தாலும் புடிக்க ஒண்ணும் இருக்காது, பல் ஈறுலேர்ந்து ரத்தம் கசியும். ஆஸ்பத்திரில 2 மில்லி ரத்தத்த சுத்தமான காஞ்ச கண்ணாடி ட்யூப்ல 20 நிமிஷம் ஆட்டாம வச்சு சாய்ச்சுப் பாக்கறது இதுக்குத்தான். வரப்புல கடிச்சுதுன்னா கட்டு போடறது, கீறுறது எல்லாம் விட்டுட்டு நேரா 108.

ஐப்பசி கார்த்திகை மழையில டெங்கு வர்றப்ப இந்த வீட்டுக்கு இன்னொரு குழப்பம் வரும். கவுண்ட் கொறைஞ்சுகிட்டே வர்றப்ப இருக்குற பிளேட்லெட்டையும் ஆஸ்பிரின் அடக்கி வச்சா ரத்தக்கசிவு ஆபத்து கூடும், அதனால சாதாரணமா டெங்குல ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபன் எதுவும் கூடாது. ஸ்டென்ட் வச்சவருக்கு மட்டும் அது தராசுல நிறுத்துப் பாக்க வேண்டிய முடிவு, காய்ச்சல் வந்த அன்னைக்கே ஹார்ட் டாக்டர்கிட்ட சொல்லிடணும். இன்னொண்ணு, டெங்கு இல்லாமலே திடீர்னு கவுண்ட் 40 ஆயிரம்னு வந்தா பதறாதீங்க, ஊதா மூடி ட்யூப்ல இருக்குற ஈடிடிஏவுல சிலர் பிளேட்லெட் தானா திரண்டுக்கும், மெஷின் எண்ணாது. ஸ்லைடு பாக்கச் சொல்லுங்க, சிட்ரேட் ட்யூப்ல திரும்ப எடுக்கச் சொல்லுங்க.

சரி, பல்லு. ஒரு நாளைக்கு பத்துல ஒரு பங்கு பிளேட்லெட் புதுசா வருதுன்னா, மாத்திரைய நிறுத்தி அஞ்சு நாள்ல சுமாரா பாதி புதுசாயிருக்கும், அதுதான் பெரிய ஆபரேஷனுக்கு முன்னாடி சொல்ற அஞ்சு நாள் கணக்கு. ஒரு வேளை மறந்துட்டா ஒண்ணும் பெருசா ஆகாததுக்கும் அதே கணக்குதான், ஞாபகம் வந்ததும் போடுங்க, அடுத்த வேளை கிட்ட வந்துட்டா விட்டுடுங்க, ரெட்டையா போடக்கூடாது. ஆனா ஒத்தப் பல்லு பிடுங்கறது பெரிய ஆபரேஷன் இல்ல. பஞ்சு வச்சு அழுத்தி, தேவைன்னா தையல் போட்டு, ரத்தம் நிக்க வைக்கிற மருந்து வச்சு பல் டாக்டரால சமாளிக்க முடியும், மாத்திரைய நிறுத்தாமலே பிடுங்கறதுதான் இப்ப பொதுவான வழக்கம். ஹார்ட் அட்டாக்குக்கு ஸ்டென்ட் வச்சா ரெண்டு மாத்திரையையும் வழக்கமா ஒரு வருஷம் போடச் சொல்வாங்க, உங்க அப்பாவுக்கு நாலு மாசம்தான் ஆகுது. இந்த நேரத்துல நிறுத்தி ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் கட்டினா அது இன்னொரு ஹார்ட் அட்டாக், பல்லுல ரெண்டு மணி நேரம் கூடுதலா கசியறதோட அத ஒப்பிடவே முடியாது.

தெரிஞ்சவர் சொன்னார்னு நிறுத்தாதீங்க. ஸ்டென்ட் வச்ச எடத்துல போன்ல கேட்டுக்குங்க, டிஸ்சார்ஜ் சம்மரியையும் மாத்திரை அட்டையையும் பல் டாக்டர்கிட்ட எடுத்துட்டு போங்க, காலைல முதல் ஆளா நேரம் வாங்குங்க, கசிஞ்சாலும் பகல்லயே திரும்பப் போய் காட்டிக்கலாம். பிடுங்கின பிறகு வலிக்கு என்ன எழுதறாங்கன்னு பாத்துக்குங்க, ஐபுப்ரூஃபனோ டைக்ளோஃபினாக்கோ இருந்தா வேற மாத்தித் தரச் சொல்லுங்க.